வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்: முறைசாராவா, பதிவிலாவா, வேறா?

ஈரோட்டிலிருந்து கல்லூரி ஆசிரியை, திங்கள் காலை

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

தொலைநிலைக் கல்வியில் முதுகலை படிப்பவர்களுக்கான சுற்றுச்சூழல் பொருளியல் பாடநூலில் ஓர் இயலைத் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, இரண்டே சொற்களில் நிற்கிறேன். இயலின் சாரம் இதுதான்: ஒரு நாட்டில் 'இன்ஃபார்மல் எகானமி', அதாவது அரசின் பதிவிலும் பாதுகாப்பிலும் வராத தொழிலும் வேலையும், பெருகினால் மாசும் பெருகுகிறது, 'இன்ஸ்டிடியூஷனல் குவாலிட்டி', அதாவது சட்டமும் விதிகளும் ஒழுங்காக இயங்கும் தன்மை, நன்றாக இருக்கும் இடத்தில் அந்தப் பாதிப்பு குறைகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவை வைத்து 2012இல் வந்த ஓர் ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அங்கே ஊழலைக் கட்டுப்படுத்துவதுதான் இரண்டாவது காரணி.

முதல் சொல்லுக்கு 'முறைசாராப் பொருளாதாரம்' என்று எழுதி வைத்திருந்தேன். போன வாரம் வகுப்பில் படித்துக் காட்டியபோது பின்வரிசையில் ஒரு மாணவர் எழுந்து, "மேடம், முறைசாரான்னா முறைகேடா நடத்துறதுங்களா?" என்று கேட்டார். அவர் அப்பா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு தொட்டி வைத்து நூல் கழிகளுக்குச் சாயம் போடுகிறவர். மகனுக்குக் கட்டணம் கட்ட வந்தபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நக ஓரத்தில் நீலம் போகவில்லை. ரசீதில் கையெழுத்துப் போடும்போது விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டார். செய்தித்தாளில் வருவதும் 'முறைகேடாக இயங்கிய சாயப்பட்டறைகள் இடிப்பு' என்றுதானே. பையன் கேட்டதில் தப்பில்லை.

இரண்டாவது சொல்லுக்கு 'நிறுவனத் தரம்' என்று போட்டால் கம்பெனி ஐ.எஸ்.ஓ. தரச் சான்று வாங்குவது போல ஒலிக்கிறது. 'அமைப்பின் தரம்' என்றால், முதல் சொல்லுக்கு 'அமைப்புசாரா' வைக்க முடியாது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன. உதவுங்கள்.

சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர்

அம்மா, முதலில் 'அமைப்புசாரா'வை ஒதுக்கிவிடுங்கள். அது 'அன்ஆர்கனைஸ்டு' என்பதற்கு நம் சட்டப் பேச்சில் நிலைத்துவிட்ட சொல். 2004இல் அமைத்த அர்ஜுன் சென்குப்தா ஆணையம் அதற்கு வரையறை கொடுத்தது: தனியாளோ கூட்டாளிகளோ நடத்துவது, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்வது. 2008இல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது, நம் ஊர் நல வாரியங்களும் அதில்தான் நிற்கின்றன.

'இன்ஃபார்மல்' வேறு வழியாக வந்தது. கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் கானாவின் அக்ரா நகரத்து ஏழைகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்து 1971இல் ஒரு மாநாட்டில் பேசினார். கட்டுரை 1973இல் வந்தது. நடுவில் 1972இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. 1993இல் பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு தொழில் நடக்கும் இடத்தை வைத்து வரையறுத்தது. 2003இல் வேலையை வைத்தும் வரையறுத்தார்கள். அதாவது பதிவுபெற்ற பெரிய ஆலையிலேயே வருங்கால வைப்பு நிதி, விடுப்பு எதுவும் இல்லாமல் வேலை செய்பவரும் இதற்குள் வருவார். ஆலைக்கு அமைப்பு இருக்கிறது, அவர் வேலைக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் 'அமைப்புசாரா' பொருந்தாது என்கிறேன். 2018 கணக்குப்படி இப்படி வேலை செய்வோர் உலகில் 200 கோடிப் பேர். வேலையில் இருப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல்.

என் வாக்கு 'முறைசாரா'வுக்கு. முறைசாராக் கல்வி என்று ஏற்கெனவே புழங்குகிறது, யாரும் அதை முறைகேடான கல்வி என்று நினைப்பதில்லை.

கும்பகோணத்திலிருந்து புலவர்

அன்புடையீர். முதலில் ஒரு ப். 'சாரா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் வரும் வல்லினம் மிகும். அழியாப் புகழ், ஓடாக் குதிரை, முறைசாராப் பொருளாதாரம். அரசு அலுவலகப் பலகைகளில் 'அமைப்புசாரா தொழிலாளர்' என்று ஒற்றில்லாமல் எழுதுவது பிழை. பாடநூலில் அந்தப் பிழை ஏறக் கூடாது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்த மாணவர் கேட்டது இலக்கணப்படி மிகச் சரியான கேள்வி. 'முறை' என்றால் இன்று நமக்கு விதம், தடவை, ஒழுங்கு. வள்ளுவருக்கு அது நீதி. "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" என்கிறாரே, அங்கே முறை என்பது நீதியல்லாமல் வேறென்ன? அந்தப் பொருளில் முறைசாராதவன் என்றால் நீதி சாராதவன். சாயத் தொட்டிக்காரரை அப்படிச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

நான் பட்டினப்பாலைக்குப் போகச் சொல்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடலிலிருந்து இறங்கும் பண்டத்துக்கும் கடலுக்குப் போகும் பண்டத்துக்கும் உல்கு, அதாவது சுங்கம், வாங்கி, "புலி பொறித்துப் புறம்போக்கி" அனுப்பினார்கள். சோழனின் புலி முத்திரை விழுந்த மூட்டை கணக்கில் ஏறியது. விழாதது ஏறவில்லை. இன்று நாம் பதிவு என்பது அன்றைய பொறி. ஆகவே 'பொறியிலாப் பொருளாதாரம்'. முத்திரை விழவில்லை என்ற செய்தி மட்டும் இதில் இருக்கிறது, பழி இல்லை. "பொறியின்மை யார்க்கும் பழியன்று" என்று குறளும் துணைக்கு வருகிறது. அங்கே பொறி என்பதற்கு ஊழ் என்று பொருள் சொல்வார்கள், தெரியும். ஆனாலும் சொல் எப்படி வந்து பொருந்துகிறது பாருங்கள். பொறி என்பது புள்ளி, தழும்பு, எழுத்து, முத்திரை, ஐம்பொறி, கண்ணி, எந்திரம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 'பதிதல்' என்ற ஒரே கருத்து என்பது என் நெடுநாள் எண்ணம். இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

'உல்கிலா' என்றும் யோசித்தேன். குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றார்கள். அவன் காலத்து வணிகமெல்லாம் உல்கிலா வணிகம் ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

திருப்பூரிலிருந்து சுத்திகரிப்புப் பொறியாளர்

புலவர் ஐயா மன்னிக்கணும். 'பொறியிலாப் பொருளாதாரம்' என்று படித்தால் என் கூட வேலை செய்கிற பையன்கள் மெஷின் இல்லாத தொழில் என்றுதான் நினைப்பார்கள். கையால் செய்வது என்று. சொல் அழகாக இருக்கிறது, ஆனால் மாணவருக்கு உரை தனியாக எழுத வேண்டிவரும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. முறைசாராத் தொழில் என்றால் மாசு, பதிவான தொழில் என்றால் சுத்தம் என்று மாணவர்கள் மனதில் பதிந்துவிடக் கூடாது. எங்கள் ஊர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு பதிவுபெற்ற சாயப்பட்டறைகளுடையது. மின் இணைப்பு இருந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருந்தது, பொது சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கும் இருந்தது. பருத்திக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும், நிறைய வேண்டும். அந்த நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், கரைந்த உப்போடு ஆற்றில் போகும். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை அந்தத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் இடமாயிற்று. கீழே இருந்த விவசாயிகளே தேக்காதீர்கள் என்று போராடினார்கள். அணையைக் கட்டச் சொல்லிப் போராடுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. அதற்கு சவ்வூடு வடிப்பான் வேண்டும், ஆவியாக்கி வேண்டும், அதை ஓட்ட விறகும் மின்சாரமும் வேண்டும். பெரிய பட்டறைகள் சமாளித்து வந்தன. ஆனால் ஆர்டர் நிற்கவில்லையே. பனியன் துணிக்குக் கப்பல் தேதி உண்டு. கொஞ்சம் வேலை வேறு மாவட்டங்களுக்கும், பலகை இல்லாத கொட்டகைகளுக்கும் போயிற்று. சட்டம் கடுமையாகி, கண்காணிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாமல் போனால் தொழில் இருட்டுக்குள் நகரும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தேன். மழை பெய்கிற இரவுதான் தொட்டியைத் திறக்கிற இரவு. காலையில் ஓடைக்குப் போய் மாதிரி எடுக்கிறபோது பாட்டிலில் இளஞ்சிவப்பு இருக்கும். எந்தக் கொட்டகை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நூலை யார் வாங்கினார்கள், கிலோவுக்கு என்ன விலைக்குச் சாயம் போடச் சொன்னார்கள் என்று கேட்பதற்கோ ஆளே இல்லை.

ஆகவே 'பதிவிலாப் பொருளாதாரம்' என்று நேராகச் சொல்லுங்கள். பதிவு இல்லை, அவ்வளவுதான். பொருள் புரியும்.

சென்னை, புள்ளியியல் அலுவலர்

'பதிவிலா' எனக்குப் பிடிக்கிறது. ஆனால் நான் சொன்ன ஆலைத் தொழிலாளி? அவர் வேலை செய்யும் ஆலை பதிவானதுதான். அவரைப் 'பதிவிலா' என்றால் தப்பாகிவிடும். அதோடு, சட்டப்படியே பதிவு செய்யத் தேவையில்லாத சின்னத் தொழில்கள் எத்தனையோ உண்டு.

மதுரையிலிருந்து தனித்தமிழ் அன்பர்

முறைசாராவா பதிவிலாவா என்று மூன்று நாளாகப் பேசுகிறீர்கள். 'பொருளாதாரம்' என்பதில் 'ஆதாரம்' வடசொல் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஈழத்தில் 'பொருண்மியம்' என்று புழங்கியிருக்கிறார்கள். முதலில் தலையை மாற்றுங்கள், அடைமொழியை அப்புறம் பார்க்கலாம். மாணவருக்குப் புரியாது என்பது ஒவ்வொரு முறையும் வருகிற சாக்கு. 'பேருந்து' வந்த நாளில் யாருக்குப் புரிந்தது? பாடநூல்தானே சொல்லைப் பரப்ப வேண்டிய இடம்?

திருப்பூர், பொறியாளர்

ஐயா, பேருந்தைத் தெருவில் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பெயரைப் படித்துக்கொள்ளலாம். இது கண்ணில் படாத ஒன்றுக்குப் பெயர். சொல் ஒன்றுதான் மாணவருக்குக் கைப்பிடி. பாதி தெரிந்த சொல்லாக இருந்தால்தான் பிடித்து ஏற முடியும். பொருளாதாரம் இருக்கட்டும்.

நைரோபியில் முன்பு வேலை பார்த்தவர், இப்போது கோவையில்

எனக்குச் சொல்லாக்கம் தெரியாது. கென்யா பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். அங்கே இந்தத் தொழில்களுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஜுவா காலி'. சுவாஹிலியில் கடும் வெயில் என்று பொருள். கூரை இல்லாமல் வெயிலில் உட்கார்ந்து தகரம் தட்டுகிற, அடுப்பு செய்கிற, வண்டி பழுது பார்க்கிறவர்களைக் குறித்த பெயர். அதுவே பின்னால் அரசு ஆவணங்களிலும் ஏறிவிட்டது. செய்கிறவரே தன்னை அந்தப் பெயரால் சொல்லிக்கொள்வார், தலை குனியாமல். தமிழில் அப்படி ஒரு சொல் மக்கள் வாயில் இருக்கிறதா என்று தேடலாமே? நம்மூரில் 'தரைக்கடை', 'காயலான் கடை' இருக்கின்றன. காயலான் கடைகளில் பல பதிவில்லாத தொழில்தான், ஆனால் ஊர்க் குப்பையைக் குறைப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டே. அதையும் இயலில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

கும்பகோணம், புலவர்

காயலான் கடை: காயல்பட்டினத்தார் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். காயல் என்பது உப்பங்கழி. 'காய்' என்னும் அடியோடு இதைச் சேர்க்கலாமா என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்...

ஈரோடு, ஆசிரியை

ஐயா, வியாழன் வந்துவிட்டது. இரண்டாவது சொல்லைப் பற்றி யாருமே எழுதவில்லை. தயவுசெய்து.

கும்பகோணம், புலவர்

மன்னிக்க வேண்டும் அம்மா. இதோ.

உங்கள் இயல் முழுவதும் ஒரு குறளில் இருக்கிறது. கொடுங்கோன்மை அதிகாரம். "முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்." ஆள்கிறவனின் முறை கோணினால் மழை கோணும். ஆட்சியின் தரத்துக்கும் சூழலின் கேட்டுக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? கவனியுங்கள், முறை கோணுவது மன்னவன் பக்கம். குடியின் பக்கம் அல்ல. ஆகவே 'இன்ஸ்டிடியூஷன்' என்பதற்கு 'முறைமை'. 'முறைமைத் தரம்'. அப்போது 'முறைசாரா' என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்: ஆள்வோரின் முறைமை எட்டாத இடத்தில் நடக்கும் தொழில். பழி இடம் மாறிவிடுகிறது. இரண்டு சொல்லும் ஒரே வேரில் நிற்கின்றன.

ஈரோடு, ஆசிரியை

படித்ததும் மகிழ்ச்சியில் எழுதி முடித்தே விட்டேன், ஐயா. ஒரு மணி நேரம் கழித்து அடுத்த பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

டக்ளஸ் நார்த் என்ற பொருளியலாளர் 'இன்ஸ்டிடியூஷன்' என்பதை ஆட்டத்தின் விதிகள் என்கிறார். எழுதிய சட்டம் மட்டுமல்ல. வழக்கம், ஊர்க் கட்டுப்பாடு, சொன்ன சொல்லைக் காப்பது எல்லாமே. எழுதாத அந்த விதிகளுக்கு அவர் வழியில் எழுதுவோர் வைக்கும் பெயர் 'இன்ஃபார்மல் இன்ஸ்டிடியூஷன்'. முறைமை என்று வைத்தால் இது 'முறைசாரா முறைமை' ஆகிறது. மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இது ஓரத்தில் வருகிற கருத்தும் அல்ல. இயலில் உள்ள எடுத்துக்காட்டே அதுதான். மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரத்தில் ஏறக்குறைய 350 செங்கல் சூளைகள். பழைய டயர், மரத்தூள், குப்பைக் கட்டை என்று கிடைத்ததை எரித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் முன்னின்று அவர்களைப் புரொப்பேன் வாயுவுக்கு மாற்ற முயன்றது. மாறியவர்களில் பலர் மாறியது அதிகாரி வந்து பூட்டுவார் என்ற பயத்தால் மட்டுமல்ல. சூளைக்காரர் சங்கமும் அக்கம்பக்கத்தாரும், நீ மட்டும் டயர் எரித்து மலிவாக விற்காதே என்று ஒருவரையொருவர் கட்டுப்படுத்தினார்கள். வாயுவுக்கான மானியம் போய் விலை ஏறியதும் பெரும்பாலோர் பழைய எரிபொருளுக்கே திரும்பிவிட்டார்கள். இங்கே தரம் என்பது ஆள்வோரிடம் மட்டும் இல்லை, தெருவிலும் இருக்கிறது. அதனால் 'ஆளுகைத் தரம்' என்பதும் குறுகிவிடுகிறது. மன்னவன் ஒருவனிடம் முறையை வைக்கிற குறள் இந்தச் சூளைத் தெருவுக்குப் போதவில்லை, ஐயா. மனம் வருந்தித்தான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பொருளியல் ஆசிரியர்

வணக்கம். பிந்தி எழுதுகிறேன். எங்கள் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கே 'முறைசாராத் துறை' பழகின சொல். ஒருவரும் அதைக் குறையாக எடுப்பதில்லை. அதை மாற்றினால் இரண்டு கரையிலும் இரண்டு சொல் ஆகிவிடும். ஏற்கெனவே எத்தனையோ சொல் அப்படிப் பிரிந்துவிட்டது.

மற்றதற்கு ஒரு யோசனை. நாங்கள் கம்பெனியை நிறுவனம் என்போம். 'இன்ஸ்டிடியூட்' வகையானவற்றை 'நிறுவகம்' என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. 'நிறுவகத் தரம்' என்றால் ஐ.எஸ்.ஓ. நினைவு வராது. நிறுவியது எதுவோ அது நிறுவகம். வழக்கமும் நாளடைவில் நிறுவப்பட்டதுதானே. 'முறைசாரா நிறுவகம்' என்று சொல்லவும் தடையில்லை.

பொறியாளர் தம்பி சொன்னதற்கு எங்கள் ஊரும் சாட்சி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது கொட்டகைத் தொழிலால் அல்ல, மின் நிலையத்தால். இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வாளியில் தண்ணீர் அள்ளினால் மேலே வானவில் மாதிரிப் படலம் கிடக்கும். அந்த ஆண்டுகளில் நாங்கள் பவுசர் லாரியில் வந்த தண்ணீரைத்தான் குடித்தோம்.

சென்னை, புள்ளியியல் அலுவலர்

நிறுவகத் தரம்: சரி. முறைசாராப் பொருளாதாரம்: சரி. நேரம் ஆகிறது, கை தூக்கி வாக்களித்துவிடலாம்.

கோவை

இரண்டுக்கும் சரி. ஜுவா காலியை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது சேருங்கள்.

திருப்பூர், பொறியாளர்

பதிவிலா போனதில் வருத்தம்தான். ஆனாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள்: பதிவுபெற்ற பட்டறைகள் நொய்யலில் என்ன செய்தன என்பது அந்த இயலில் இரண்டு வரியாவது இருக்க வேண்டும்.

மதுரை

பொருளாதாரம் இருக்கும்வரை என் ஒப்புதல் இல்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஈரோடு, ஆசிரியை, வெள்ளி காலை

அனுப்பிவிட்டேன். முறைசாராப் பொருளாதாரம், நிறுவகத் தரம். முதல் சொல் வரும் இடத்தில் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன்: 'அரசின் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் வெளியே நடக்கும் தொழிலும் வேலையும். முறைகேடு என்ற பொருளில் அல்ல.' நொய்யலுக்கு ஆறு வரி கிடைத்தது. காலையில் அந்த மாணவரைப் பார்த்து அடிக்குறிப்பைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "அப்போ எங்களுக்கு வேலை கொடுக்கிற கம்பெனியும் இதுக்குள்ள வருங்களா?" என்று கேட்டார். வகுப்பில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கும்பகோணம், புலவர்

அவர் கேட்டதற்கு உங்கள் சொல்லில் விடை இல்லை, அம்மா. முத்திரை போட வேண்டியவன் யார், போடாமல் விட்டவன் யார் என்று கேட்க வைக்கிற சொல் 'பொறியிலா' என்றே இப்போதும் கருதுகிறேன். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன். மெய்ப்பு வந்தால் எனக்கு அனுப்புங்கள். அச்சகத்தில் 'முறைசாரா' என்பதற்குப் பின்னால் அந்த ப் விடுபட்டுவிடக் கூடாது.